வால் மூடியில் கட்டிய மஞ்சள் கயிறு

டெல்லி குவார்ட்டர்ஸ்களில் வளர்ந்து, இப்போது பேப்பர் வாசிக்கக் கண்ணாடி தேடுகிற வயதுக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குப் புரியாது. என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். ஜனக்புரியில் எங்கள் வீட்டில் நெட் நின்றுபோனால் அவள் சுவரில் இருக்கும் பெட்டியை அணைப்பாள், கொஞ்ச நேரம் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், மறுபடி போடுவாள். வந்துவிடும். "அவ்வளவுதான்ப்பா" என்பாள். இதற்காக ஒரு வீடு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டது என்றால் அவள் எப்படி நம்புவாள்?

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஓர் ஆபீஸ் கேன்டீனில் டீ போடுகிறேன். நாலு பேர் சேர்ந்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்வதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அதை ஒரு கட்டிலில் படுத்தபடி பார்த்தவன், அவ்வளவே.

அப்போது லோதி ரோடு குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனியை எல்லோரையும் போல நாங்களும் கண்ணாடியும் பிளைவுட்டும் வைத்து அடைத்து ஓர் அறையாக்கியிருந்தோம். அப்பா குமாஸ்தா. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, திருநெல்வேலியில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்.

அந்த வருஷம் அப்பாவின் ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையவற்றை ஏலம் விட்டார்கள். கேபிளையும் புதிதாக மாற்றினார்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பழைய கருப்புக் கேபிளை யாரும் கேட்கவில்லை, மூலையில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் மன்றாடினார். ஒரு கைடு புத்தகக்காரர் டைப் செய்ய வேலை கொடுக்கிறார், மூன்று மெஷின் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம், நான் இணைத்துக் காட்டுகிறேன் என்றார்.

"ஆபீசே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சத வீட்டுல கொண்டு வச்சு என்னலே செய்ய?" என்று அப்பா கேட்டார்.

"ஓடும்ணே. அவுகளுக்குத்தான் பழசு, நமக்குப் புதுசு."

அப்பா சம்மதித்தார். ஆனால் அம்மா முன்னிலையில் ஒரு நிபந்தனை போட்டார். தை பிறப்பதற்குள் இது ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் சித்தப்பா தூத்துக்குடிக்குப் போய் மாமாவின் இரும்புக் கடையில் உட்கார வேண்டும். மாமா ஏற்கெனவே ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆணி நிறுக்கத் தெரியாது மைனி. இது ஒண்ணுதான் தெரியும்" என்று சித்தப்பா சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பி, "ஓடும் தம்பி, பயப்படாதீய" என்றார்.

மூன்று மெஷின்களும் மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கில் இருந்தன. ஒன்றில் யாரோ ஒட்டிய சாமி ஸ்டிக்கரின் பாதி இருந்தது. முன்னறையில் அப்பாவுக்கு ஒன்று. அதில்தான் பிரிண்டரும் எல்லாப் பக்கங்களும் போய்ச் சேருகிற பெரிய டிஸ்க்கும். உள்ளறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒன்று. பால்கனியில் அம்மாவுக்கு ஒன்று. அம்மா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட அடித்ததில்லை. பால்கனியில் ஒரு பக்கம் கோதுமை காயும், இன்னொரு பக்கம் அம்மா தோளை நிமிர்த்தி உட்கார்ந்து அடிப்பார். திரையைப் பார்க்க மாட்டார், தாளை மட்டும் பார்ப்பார். அந்தச் சத்தம் கூரைத் தகரத்தில் மழை விழுவது போல ஒரே சீராக இருக்கும். அப்பா ஒற்றை விரலால் அடிக்கிற சத்தம் குழாய் சொட்டுகிற மாதிரி.

கேபிள் முன்னறையில் தொடங்கி, உள்ளறை வழியாகப் போய், பால்கனியில் முடியும். ஒரே கோடு. அதன் இரண்டு நுனியிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளிநிற மூடி. அப்பா பக்கத்தில் இருந்ததைத் தலை மூடி என்றும், அம்மா பக்கத்தில் இருந்ததை வால் மூடி என்றும் சித்தப்பா சொல்வார்.

"இது சும்மா மூடிதான?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"அய்யோ, இதுதான் முக்கியம் மைனி. இது இல்லேன்னா நாம அனுப்புத சேதி சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வந்து, அடுத்த சேதியோட முட்டிக்கிடும். வால்ல மூடி சரியில்லேன்னா தலையில இருக்க அண்ணன் மெஷினும் படுத்துரும். எல்லாத்தையும் புடிச்சு நிறுத்துதது இதுதான்."

அம்மா அந்த மூடியைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

அந்தப் புரட்டாசியில் எனக்கு டைபாய்டு. ஆறாம் வகுப்பு தொடங்கி அப்போதுதான் சில மாதம். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கஞ்சி, குளுக்கோஸ், வேப்பிலை, மறுபடி கஞ்சி. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒரு கட்டத்தில் டாக்டர் அப்பாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையன்று தொழில் செய்கிற கருவிக்கு மஞ்சள் கயிறு கட்டுவோம். மாவு மில் பெல்ட்டில், லாரி ஸ்டியரிங்கில், தாத்தாவின் தராசில் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். ஒருமுறை கட்டினால் அது தானாக இற்று விழ வேண்டும். கையால் அவிழ்க்கக் கூடாது, கத்தி வைக்கக் கூடாது.

அம்மா மூன்று மெஷினையும் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்தார். விசைப்பலகைக்கு, மவுசுக்கு, பிரிண்டருக்கு, சித்தப்பாவின் ஸ்க்ரூ டிரைவருக்கு எல்லாம் வைத்தார். கடைசியாக பால்கனிக்குப் போய் அந்த வால் மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டு வந்து பூஜைத் தட்டில் வைத்தார். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது அதுதானே. சந்தனத்தை மோதிர விரலில் வழித்து அதற்கு முன்னும் பின்னும் வைத்தார், மேலே குங்குமம். பூஜை முடிந்ததும் அதை மறுபடி கேபிள் நுனியில் மாட்டி, இரண்டையும் சேர்த்து மஞ்சள் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். அதே நூல்கண்டிலிருந்து இன்னொரு துண்டு அறுத்து வந்து என் மணிக்கட்டில் கட்டினார்.

"ரெண்டுக்கும் சேத்து நேந்துருக்கேன்" என்று அப்பாவிடம் சொன்னார். "அது விழுத வரைக்கும் இவன ஒண்ணும் அண்டாது."

எனக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அதை மருந்து என்று யாரும் சொல்லவில்லை.

மெஷின்கள்தான் படுத்துவிட்டன. பூஜை முடிந்து ஒரு வாரம்போல நன்றாக ஓடின. பிறகு ஒரு மத்தியானம் மூன்று திரையிலும் ஒரே இங்கிலீஷ் வரி வந்து நின்றது. எனக்கு அதில் 'இல்லை' என்று அர்த்தமாகிற 'நாட்' என்ற சொல் மட்டும் வாசிக்கத் தெரிந்தது. அது ஒன்று போதும் என்று இப்போது தோன்றுகிறது.

சித்தப்பா எழுந்து போய் ஒவ்வொரு மெஷினின் முதுகையும் தடவிப் பார்த்தார். அணைத்துப் போட்டார். வரவில்லை. மறுநாள் காலையில் தானாக வந்தது. மத்தியானம் மறுபடி போனது. அன்றிலிருந்து இதே கதை. மூட்டம் இருக்கிற காலையில் ஓடும். பால்கனியில் வெயில் ஏறினால் படுத்துவிடும்.

"காலைல ஓடுச்சுல்லா?" என்பார் அப்பா, சாயங்காலம் வந்து பையை வைப்பதற்குள்.

"ஓடுச்சுண்ணே. வெயில் வரவும் படுத்துட்டு."

"படுக்கதுக்கு அது என்ன எருமையால?"

நெட்வொர்க் இல்லாத நேரத்தில் பக்கங்களை ஃபிளாப்பியில் ஏற்றி, அறைக்கு அறை கொண்டு போக வேண்டும். டெல்லித் தூசியில் ஃபிளாப்பி நாலு நாள் தாங்காது. அம்மா காலை முழுக்க அடித்த பக்கங்கள் அப்பா மெஷினுக்கு வந்து சேரும்போது பாதி காணாமல் போயிருக்கும். அம்மா தாளை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்புவார்.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பா முதலில் புறா என்றார். புறா கேபிளைக் கொத்துகிறதென்று பால்கனிக்கு வலை அடித்தார். பிறகு மாடி வீட்டு மிக்ஸி என்றார். மாடி வீட்டு ஆண்ட்டியிடம் போய்த் தன் ஹிந்தியில் விளக்கினார். அவர், "பாய்சாப், சட்னி பண்றதையும் நிறுத்தணுமா?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். அப்பா சிவந்த முகத்தோடு இறங்கி வந்தார்.

சித்தப்பா கார்டை மாற்றினார், கேபிள் துண்டை மாற்றினார், தலை மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கொண்டுவந்த குப்பைக்குள் மூடி மொத்தமே இரண்டுதான். இன்னொன்று வாங்க பஸ் பிடித்துக் கடை கடையாக ஏறி இறங்கினார். "பையா, இதெல்லாம் இப்ப யார் வச்சிருக்கா?" என்று ஒரு கடைக்காரர் அந்த மூடியின் படத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். சித்தப்பா அதை எங்களுக்கு நடித்துக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கைகள் குளிரில் வெடித்திருந்தன.

அந்த நாட்களில் நான் ரஜாய்ப் போர்வைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெஷினின் பின்பக்கம் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருந்தது. சித்தப்பா குனிந்து மேசைக்கடியில் போவார். "ஏல, எரியுதா?" என்பார். "இல்ல சித்தப்பா" என்பேன். "இப்பம்?" "இல்ல." அதைத் தவிர என்னால் யாருக்கும் எந்த உபயோகமும் இருக்கவில்லை. பொய்யாவது சொல்லி, எரிகிறது என்று சொல்லலாம் போல இருக்கும்.

"தைக்கு அப்புறம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விடுதேன்" என்பார், மேசைக்கடியிலிருந்தே. "ஹெட்மாஸ்டர்ட்ட நான் பேசுதேன். நீ வாயே தெறக்காண்டாம்." எனக்கு இருந்த பயமே அதுதான் என்று அவருக்குத் தெரியும். நான் விட்டுப்போன பாடம், கொட்டிப்போன முடி, என்ன கேட்டாலும் வராத பேச்சு.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைடு புத்தகக்காரரே நேரில் வந்தார். மத்தியானம்; நல்ல வெயில். மூன்று திரையிலும் 'நாட்'. அவர் ஸ்வெட்டரைக் கழற்றாமல், டீயைத் தொடாமல் நின்றார். "ஜல்தி, ஜல்தின்னு நானும் சொல்றேன். மதராசி மூளை பெரிசுன்னு கேள்விப்பட்டேன். மெஷின் சின்னது போல" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அச்சாகாத தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். வேலை அன்றோடு போய்விட்டது.

அப்பா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"யாரு மெஷின்ல கோளாறுன்னு இன்னைக்கு எனக்குத் தெரியணும். நீ வாறதுக்கு முன்னால இந்த வீட்டுல எவனும் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. பால்கனியிலதான் எல்லாம் கெட்டுப்போவுது. உன் மைனிக்கு மெஷின் குடுத்ததே தப்பு. பொம்பள வேல பாத்து..."

"என்னத்துக்குத் தம்பிய ஏசுதிய? என்னைய ஏசுதது போதாதா?" என்று அம்மாவே குறுக்கிட்டார்.

சித்தப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். அடுத்து நடந்ததை என் கட்டிலிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் அம்மாவின் மெஷினுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வீட்டில் அவர் கழற்றிப் பார்க்காதது ஒன்றுதான் மிச்சம். கயிறு சுற்றிய அந்த நுனியை இரண்டு விரலால் பிடித்தார். வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பல நாளாகத் தேடின சாவி தன் சட்டைப் பையிலேயே கிடைத்தவன் சிரிப்பானே, அது.

கட்டைவிரல் நகத்தை முதல் முடிச்சுக்குள் கொடுத்தார்.

அம்மா வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தம்பி, அது மட்டும் வேண்டாம். புள்ளைக்கு நேந்து கட்டுனது."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என்னை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் மணிக்கட்டைப் பார்த்தார். கஞ்சியும் மஞ்சளும் பட்டுக் கருத்துப்போன கயிறு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

நகத்தை எடுத்துவிட்டார். கேபிளை மெதுவாகக் கீழே வைத்தார், தூங்குகிற குழந்தையை இறக்கி வைப்பது போல.

முன்னறைக்கு வந்து, "மைனி மெஷின்ல ஒண்ணும் இல்லண்ணே. நான்தான் கார்டு மாட்டும்போது கெடுத்துட்டேன். எனக்கு இது வரல" என்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா மாடி வீட்டுக்காரிகிட்டப் போயி நிக்காம இருந்திருப்பேன்லா" என்றார் அப்பா. கோபம்கூடக் குறைந்துவிட்டது அவருக்கு. காரணம் கிடைத்துவிட்டதே.

பொங்கல் முடிந்ததும் சித்தப்பா புறப்பட்டார். ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை, குளிர் ஆகாது என்று. கதவருகில் நின்று, "நல்லாச் சாப்புடணும், என்னல?" என்று என் மொட்டைத் தலையைத் தடவினார். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கைக்கயிறு மாசி மாதத்தில் குளிக்கும்போது அறுந்து தண்ணீரோடு போயிற்று. பால்கனிக் கயிறு விழவில்லை. பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரர் மெஷின்களைத் தூக்கிப்போக வந்த அன்று அப்பா கேபிளை அரிவாள்மணையில் நறுக்கினார். வால் பக்கம் மட்டும் ஒரு சாண் விட்டு வெட்டி, கயிற்றோடும் மூடியோடும் அம்மா கையில் கொடுத்தார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. அம்மா அதைச் சாமி அலமாரியில் ஒரு தகர டப்பாவில் போட்டார். அதன் பிறகு அம்மா எந்த விசைப்பலகையிலும் விரல் வைத்ததில்லை. பள்ளிக்கூடம் பற்றி அப்பா, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் நான் சின்னப் பையன்களோடு உட்கார வெட்கப்பட்டேன். அதற்கு அடுத்த வருஷம் யாரும் பார்க்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு ஜனக்புரியில் இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை. போன ஆயுத பூஜைக்கு அலமாரியைத் துடைக்கும்போது அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். கயிறு பொடிப்பொடியாக உதிர்ந்து அடியில் கிடந்தது. யாரும் அவிழ்க்கவில்லை, தானாகத்தான் விழுந்திருந்தது.

மூடியைப் பிடித்துத் திருகினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கழன்றது. உள்ளே நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடம் தெரியவில்லை. காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் குங்குமம். வெயில் பட்டால் அது எப்படிச் சுருங்கும், மூட்டத்தில் எப்படி இளகும் என்பதெல்லாம் எனக்கு விளக்கத் தெரியாது. ஊசியால் குத்தி எடுத்துத் துணியால் துடைத்திருந்தால் போதும். டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

மூடியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அம்மா தடவிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னும் மணக்கு பாரேன்" என்றார் சந்தோஷமாக. "கயிறு விழுந்துட்டா?"

"விழுந்துட்டும்மா."

"நல்லதாப் போச்சு. சித்தப்பாவுக்கு ஒரு போனப் போட்டு பூசைன்னு சொல்லு."

சித்தப்பா தூத்துக்குடியில் அதே இரும்புக் கடையில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து போன் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், கேலியாக. அன்றும் அதையே கேட்டார். பின்னால் தராசில் ஆணி கொட்டுகிற சத்தம்.

"ஏல, நெட்டு ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுது சித்தப்பா."

நான் சொல்ல நினைத்தது நிறைய. மோந்து பார்த்தீர்களே, தெரிந்துதானே வைத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். அம்மா பக்கத்தில் மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா... அந்த வால் மூடியில கட்டுன கயிறு. இன்னைக்குத்தான் பாத்தேன், தானா விழுந்துருக்கு."

ஆணி கொட்டுகிற சத்தம் நின்றது. போன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"உனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைலால?" என்றார்.

"இல்ல சித்தப்பா" என்றேன். "நல்லாருக்கேன்."